கதைக்க மாட்டன், வாசிக்கிறன்

குகதாசனை அரைகுறையாகத் தெரிந்தவர்கள் அவனைப் பெரிய வாயாடி என்றுதான் சொல்வார்கள். திருநெல்வேலிச் சந்தையில் வெங்காய வியாபாரிகளோடு அவன் விலை பேசத் தொடங்கினால் பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கிணற்றுப் பங்கில் யாராவது முறை மாறித் தண்ணீர் இறைத்தால் அவனுடைய குரல் சண்டிலிப்பாய்ச் சந்தி வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட மனிதனுக்குக் கட்டிய பெண்சாதியிடம் ஒரு சொல் சொல்ல வேண்டி வந்தபோது மட்டும் வாயில் கொழுக்கட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய சொல்லுமில்லை. ‘வாரும்’ என்றொரு சொல்.

தயாளினி சைப்பிரசுக்குப் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. அங்கே எழுந்து நடமாட முடியாத ஒரு முதிய பெண்ணைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, தூங்க வைப்பது அவள் வேலை. அந்த அம்மாவின் மகளைத்தான் அவள் மேடம் என்பாள். மேடம் நல்லவள், சம்பளம் தவறாது, ஞாயிற்றுக்கிழமைகளில் லீவு. அந்த நல்ல மேடம்தான் இப்போது, ஒப்பந்தம் முடியும் நேரம் பார்த்து, இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்லிக் கேட்கிறாள். விஜயதசமிக்கு மறுநாள், திங்கட்கிழமை, தயாளினி பதில் சொல்லவேண்டும்.

“என்ன சொல்லட்டும்?” என்று புரட்டாசியின் தொடக்கத்திலேயே அவள் தொலைபேசியில் கேட்டுவிட்டாள்.

“உம்மடை விருப்பம்,” என்றான் குகதாசன்.

“ம்” என்றாள் அவள். பிறகு வெங்காயத்துக்கு மருந்தடித்தாயிற்றா என்று கேட்டாள். அன்று பின்னேரம் முழுவதும் குகதாசன் தோட்டத்தில் நின்று தன்னைத்தானே ஏசிக்கொண்டிருந்தான். ஏசி என்ன செய்ய? வீட்டுக்கு ஓடு போட்டது அவள் உழைப்பு. நிலத்துக்குச் சீமெந்து இழுத்ததும் அவள் உழைப்பு. அவளால் நிமிர்ந்த வீட்டுக்குள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, போதும் வா என்று சொல்ல இவனுக்கு என்ன முகம் இருக்கிறது? அப்படித்தான் அவன் நினைத்தான். ஆண்பிள்ளைகள் இப்படி எதையாவது நினைத்துவிட்டு அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்துவிடுவார்கள்.

உண்மை என்னவென்றால் அவனால் முடியவில்லை. குளித்துவிட்டு ஈரச் சாரத்தைக் கட்டிலில் போடுவதற்காக அவள் பன்னிரண்டு வருடமாக அவனை ஏசியிருக்கிறாள். அவள் போன முதல் மாதம் அவன் வேண்டுமென்றே கட்டிலில் போட்டுப் பார்த்தான். ஏச ஆளில்லை. தானே எழுந்து போய்க் கொடியில் விரித்துவிட்டு வந்தான். அவளுடைய தலையணையை மகள் ஆரணி எடுத்துக்கொண்டுவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் போய் அதை எனக்குத் தா என்று கேட்க முடியுமா? ஆனால் அந்தத் தலையணை விடயத்தில் அவனுக்கு மகள்மேல் பொறாமை இருந்தது.

ஆரணிக்கோ அம்மாமேல் கோபம். முதல் வருடம் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசிக்கு முன்னால் தவம் கிடந்தவள், இரண்டாம் வருடத்தில் “ஓம்”, “இல்லை”, “சாப்பிட்டனான்” என்று மூன்று சொல்லோடு ஓடத் தொடங்கினாள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அந்த மூன்று சொல்லும் நின்றுபோயின. “வாறன் வாறன் எண்டுதானே எப்பவும் சொல்லுறா. வந்தவுடனை கதைக்கிறன்,” என்று தகப்பனிடம் சொன்னாள். அதற்கு மேல் அவளை அசைக்க முடியவில்லை. தாய்க்குத் தப்பாத பிள்ளை.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கு றெக்கோடர்கள் வந்தன. வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர் யாரோ ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருந்தார்கள். பால் நிறத்தில் பிளாஸ்ரிக் குழல், மேலே ஏழு துளை, பெருவிரலுக்கென்று கீழே ஒன்று, நுனி வாத்தின் சொண்டு மாதிரி. சங்கீத ரீச்சர் நிவேதனா ஐந்தாம் வகுப்புக்காரர் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்து, ஒருவர் வாய் வைத்ததில் மற்றவர் வாய் வைக்கக்கூடாது என்று சொல்லி, வீட்டுக்கும் கொண்டுபோக விட்டாள். அடுத்த இரண்டு கிழமையும் ஊர் பட்ட பாடு சொல்லி மாளாது. எந்த ஒழுங்கையில் நடந்தாலும் இரண்டு வீட்டுக்கொரு கீச்சுச் சத்தம். பக்கத்து வீட்டு இராசாத்தி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “குகதாசன், உங்கடை குசினியிலை கேத்தில் கொதிக்குது, இறக்குமனப்பா,” என்று கத்தினாள்.

தயாளினிக்கு இதைப்பற்றி அவன் மூச்சு விடவில்லை. காரணம் இருந்தது. ஆரணிக்குச் சின்ன வயதில் முட்டு வருத்தம், மூச்சிழுப்பு. பனி விழுந்தால் போதும், நெஞ்சு விசில் மாதிரிக் கீச்சிடும், தோள்மூட்டு இரண்டும் காதுவரைக்கும் ஏறி இறங்கும். பெரியாஸ்பத்திரியில் மூக்கில் மருந்துப் புகை பிடிக்கும்போது தயாளினிதான் அவளை மடியில் கிடத்திக்கொண்டு இருப்பாள். ஏழு வயதுக்குப் பிறகு அது தானாகவே விட்டுப்போயிற்று. ஆனாலும் பிள்ளை குழல் ஊதுகிறாள் என்று கேள்விப்பட்டால் தயாளினி அங்கிருந்தே குதிப்பாள். ஊதுவது நெஞ்சுக்கு நல்லதுதான் என்று நிவேதனா ரீச்சர் சொன்னதை அவள் நம்பப் போவதில்லை.

சொல்லாமல் விட்டதற்கு வேறொரு காரணம் பிறகு வந்து சேர்ந்தது. ஒருநாள் ஆரணி மூன்று சுரத்தை ஒழுங்காக, பிசிறில்லாமல் ஊதினாள். தோட்டத்தால் வந்துகொண்டிருந்த குகதாசன் படலையடியில் நின்றுவிட்டான். அந்த மூன்று சுரமும் தயாளினி ஆரணிக்குத் தலை பார்க்கும்போது முனகுகிற ஒரு மெட்டின் தொடக்கத்தைப்போல் இருந்தன. சொல் இல்லாத முனகல் அது. பேன் பிடிபட்டால் நிற்கும், நசுக்கிய பிறகு விட்ட இடத்தில் தொடங்கும். அந்த மெட்டு இந்த உலகத்தில் வேறெந்த வாயிலும் இல்லை.

அடுத்த நாள் முகத்தைச் சவரம் செய்துகொண்டு பள்ளிக்கூடம் போனான். நிவேதனா ரீச்சருக்கு இருபத்தாறு வயதிருக்கும், உரும்பிராயிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகிறவள். ஆரணியின் அப்பா கண்டபடி கையைப் பிசைவதைப் பார்த்து, பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றப் போகிறாராக்கும் என்று நினைத்தாள்.

“ரீச்சர், ஒரு மெட்டு இருக்கு. அதைப் பிள்ளைக்குப் பழக்கிவிட ஏலுமோ?”

“என்ன பாட்டு?”

“பாட்டில்லை. என்ரை மனிசி… சும்மா முனகிறது.”

“முனகிக் காட்டுங்கோ பாப்பம்.”

குகதாசன் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தான். ஆறடி மனிதன், கறுத்துப்போன கழுத்து, சந்தையில் சிங்கம். பள்ளிக்கூட விறாந்தையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பெண்சாதியின் முனகலை முனகினான். காது இரண்டும் சிவந்துபோயின. பாதியில் மெட்டு நின்றுவிட்டது. ரீச்சர் சிரிக்கவில்லை. “இன்னொருக்கா,” என்று மட்டும் சொன்னாள். மூன்றாம் முறை முனகும்போது அவளும் சேர்ந்து முனகினாள். ஐந்து சுரத்துக்குள் அடங்குகிறது, ஆரணி ஒரு மாதத்தில் வாசித்துவிடுவாள் என்றாள்.

திட்டம் இதுதான். விஜயதசமி இந்த முறை ஞாயிற்றுக்கிழமை வந்தது. தயாளினிக்கு லீவு நாள், மேடத்துக்குப் பதில் சொல்வதற்கு முதல்நாள், எதையும் தொடங்குவதற்கு நல்ல நாள். அன்று காலை அவள் தொலைபேசி எடுக்கும்போது ஆரணி அந்த மெட்டை வாசிப்பாள். கேட்டவுடன் தயாளினியின் மனம் உருகி, அவளாகவே, “நான் வாறன்,” என்பாள். தான் சொல்ல வேண்டிய ஒற்றைச் சொல்லைப் பிள்ளையின் வாயிலும் ஒரு பிளாஸ்ரிக் குழலிலும் ஏற்றி அனுப்பப் பார்த்தான் மனிதன்.

ஆரணி முதலில் மறுத்தாள். பிறகு யோசித்தாள். “கதைக்க மாட்டன். வாசிக்கிறன். முகமும் காட்ட மாட்டன்,” என்றாள். முகம் காட்டாத அழைப்புத்தான் என்று ஒப்பந்தமாயிற்று.

அந்த ஒரு மாதமும் குகதாசனுக்கு வீடு வேறு மாதிரி இருந்தது. பின்னேரங்களில் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும்போது அந்த மெட்டு வீட்டுப் பக்கத்திலிருந்து வரும். அவள்தான் உள்ளே இருக்கிறாள் என்று ஒரு கணம் நெஞ்சு நம்பிவிடும். அடுத்த கணம் ஒரு சுரம் பிழைத்து, ஆரணி “ச்சே” என்பாள். அந்த முதற் கணத்துக்காக அவன் வாய்க்கால் கரையில் காத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு போனதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறான்.

சனிக்கிழமை சரஸ்வதி பூசை. சாமியறையில் கும்பத்துக்கு முன்னால் ஆரணியின் புத்தகங்களையும் றெக்கோடரையும் வைத்தார்கள். அப்படி வைத்துவிட்டால் விஜயதசமிப் பூசை முடியும்வரைக்கும் தொடக்கூடாது. படிக்கவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. பிள்ளைகளுக்கு வருடத்தில் பிடித்த ஒரே சட்டம் அது. போன வருடம் இந்த வேலையெல்லாம் இராசாத்தி வந்து செய்து கொடுத்தாள். அதற்கு முதல் எல்லா வருடமும் தயாளினி. மோதிர விரலால் தொட்டும் தொடாமலும் அவள் சந்தனம் வைப்பாள். இந்த முறை குகதாசன் தானே செய்யவேண்டும் என்று நின்றான். நாளைக்கு நடக்கவேண்டிய காரியம் அப்படி.

சந்தனத்தைக் குழைத்தான், பிட்டுக்கு மா குழைப்பதுபோல. மண்வெட்டி பிடித்த கையால் புத்தகங்களுக்கு ஆளுக்கொரு அப்பு. றெக்கோடரைக் கையில் எடுத்ததும், இதற்கு எங்கே வைப்பது என்று யோசித்தான். சாமிப் படமென்றால் நெற்றியில் வைக்கலாம். குழலுக்கு நெற்றி எது? வாய் வைக்கும் சொண்டுக்குச் சற்றுக் கீழே சின்னச் சதுரமாக ஒரு வாசல் வெட்டியிருந்தது. பார்க்க நெற்றி மாதிரித்தான் இருந்தது. பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, அதன்மேல் குங்குமமும் வைத்தான்.

“அப்பா, அதுக்குள்ளை வைக்கலாமோ?” என்று ஆரணி கேட்டாள்.

“சாமிக்கு வைக்கிறதிலை வைக்கலாமோ வைக்கக்கூடாதோ எண்டு இல்லை. கும்பிடு.”

பிள்ளை கும்பிட்டாள். அவனும் கும்பிட்டான். ‘தாயே, ஒரு பிழையும் வரக்கூடாது’ என்று உருகி வேண்டிக்கொண்டான்.

மறுநாள் காலை பூசை முடித்து, அவல் படைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் அணைவதற்கு முன்பே தொலைபேசி அடித்துவிட்டது. ஆரணி சாமி முன்னிருந்து றெக்கோடரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடி வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள். குகதாசன் தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தான்.

“இஞ்சருங்கோ, பூசை முடிஞ்சுதோ? பிள்ளை எங்கை?”

“பக்கத்திலைதான். கதைக்க மாட்டாவாம். ஆனா ஒண்டு கேக்கப்பண்ணப் போறாவாம். கதைக்காமல் கேளும்.”

“என்னது?”

“கேளுமன்.”

ஆரணி மூச்சை இழுத்து ஊதினாள். ஸ்ஸ் என்று காற்று வந்தது. இன்னும் பலமாக ஊதினாள். காய்ந்து இறுகிய சந்தனத்துக்குள்ளால் காற்று உரசிக்கொண்டு வந்தது, இடையிடையே மெல்லிய கீச்சு. விரல்கள் என்னவோ சரியான துளைகளில்தான் ஓடின. ஒரு மாதமாகப் பழகிய விரல்கள். சுரம்தான் ஒன்றுகூட வரவில்லை. குகதாசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்ஸ், கீச்ச், ஸ்ஸ்.

“ஐயோ,” என்றாள் தயாளினி. “முட்டு! பிள்ளைக்கு முட்டு வந்திட்டுது!”

குகதாசன் வாயைத் திறந்தான்.

“மறைக்காதேங்கோ. எனக்குத் தெரியாதே அந்தச் சத்தம்? எத்தினை நாளா? அதுதான் பிள்ளை கதைக்கிறேல்லையோ? மூச்சு விட ஏலாமத்தான் இவ்வளவு நாளும் கதைக்கேல்லையோ? நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டனீங்களோ? நான் நிக்கேல்லை. நாளைக்கு மேடத்துக்குச் சொல்லுறன், பிள்ளைக்குச் சுகமில்லை, நான் போறன் எண்டு. விடுவா. சத்தியமா விடுவா.”

இரண்டு வருடமாக அவன் கேட்க ஏங்கிய சொல். இதோ, அவளாகவே சொல்லிவிட்டாள். ஒரு ‘ஓம்’ போதும். ஓம்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும்.

ஆரணி குழலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். சந்தனத்தைக் கண்டாள். நகத்தால் சுரண்டப் போனவள், கையை நிறுத்தி, தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குழலை மெதுவாக வாயில் வைத்தாள். தோள் இரண்டையும் காதுவரைக்கும் உயர்த்தினாள். குட்டிக் குட்டியாக ஊதினாள். ஸ், ஸ், கீச்ச். கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அம்மா வரவேண்டும் என்பதற்காகத் தன் பழைய வருத்தத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்து ஊதினாள் பிள்ளை.

குகதாசனும் பேசாமல்தான் நின்றான். நின்றிருப்பான். ஆனால் தொலைபேசிக்குள்ளிருந்து தயாளினியின் குரல் நடுங்கிக்கொண்டே வந்தது. பக்கத்து அறையில் அந்த முதிய பெண் விழித்துவிடாதபடி அவள் அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

“நிமித்தி இருத்துங்கோ. முதுகைத் தடவுங்கோ. சுடுதண்ணி குடுங்கோ, கொஞ்சங் கொஞ்சமா… நான் இஞ்சை நிண்டு என்னத்தைச் செய்ய, என்ரை பிள்ளை… நான் இஞ்சை நிண்டு என்னத்தைச் செய்ய…”

அவள் வேண்டும். இந்தப் பயம் பிடித்து, வழி முழுக்கப் பதைத்துப் பதைத்து வருகிறவளாக வேண்டாம். இன்னொரு நிமிடம்கூட அவளை அப்படி அழ விட அவனால் முடியவில்லை.

“தயா, முட்டில்லை,” என்றான். “பிள்ளைக்கு ஒண்டுமில்லை. அது றெக்கோடர். பள்ளிக்கூடத்திலை குடுத்த குழல். நீர் தலை பாக்கேக்கை முனகிறதைப் பழகி வைச்சிருக்கிறாள். நான்தான் சந்தனத்தை வைச்சு அடைச்சுப்போட்டன்.”

“என்னது?”

“பூசைக்கு வைச்சனான். அந்த ஓட்டையை நெத்தி எண்டு நினைச்சு வைச்சுப்போட்டன்.”

ஆரணி குழலைக் கதிரையில் எறிந்தாள். “ஏனப்பா சொன்னனீங்கள்?” என்று கத்திவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் தயாளினி சிரிக்கத் தொடங்கினாள். நெத்தி, நெத்தி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று குகதாசனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே நீங்கள்,” என்றாள் கடைசியில்.

“என்ன?”

“முட்டுத்தான் எண்டு சொல்லியிருக்கலாமே. நாளைக்கு நான் மேடம் ஆக்களுக்கு என்னத்தைச் சொல்லுறது? பிள்ளைக்கு வருத்தமெண்டால் ஒரு நாயம் இருக்கு. சும்மா போறன் எண்டால் ஏன் எண்டு கேப்பினமெல்லோ. நானும் உங்களைக் கேட்டுப் பாத்தன். உம்மடை விருப்பம் எண்டியள். என்ரை விருப்பம் எனக்குத் தெரியாதே? உங்களுக்கு நான் வேணுமோ வேண்டாமோ எண்டுதானே கேட்டனான்.”

மேசையின் விளிம்பை அவன் பிடித்துக்கொண்டான்.

“வாரும்,” என்றான். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. “பிள்ளைக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான் சுகமில்லை. நீர் இல்லாமல் எனக்கு ஏலாது. வீடும் வேண்டாம், நிலமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். மனிசனுக்குச் சுகமில்லை எண்டு நாளைக்குப் போய்ச் சொல்லும்.”

“மனிசனுக்கு என்ன வருத்தம் எண்டு கேட்டால்?”

“அழுறான் எண்டு சொல்லும்.”

“நீங்களோ? பொய்,” என்றாள் தயாளினி. “என்னை எயாப்போட்டிலை விட்டிட்டு, தலையிடிக்குப் பனடோல் கொண்டு போறீரோ எண்டு கேட்ட ஆள் நீங்கள்.”

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். தயாளினி, “இஞ்சருங்கோ? லைன் இருக்கோ?” என்று இரண்டுதரம் கேட்டாள்.

ஆரணி கையை எடுத்துத் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு வந்து, தொலைபேசியை இரண்டு கையாலும் தூக்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“மெய்தான் அம்மா,” என்றாள். “மூக்கெல்லாம் ஒழுகுது. வாங்கோ.”